கைமாறி வந்த மூன்று நூல்கள்

ஆண்டின் நாள்களை நினைவூட்டும் 365 படிகளை உடையது திருத்தணி மலை. அதனைச் சூழ்ந்துள்ள கே.ஜி.கண்டிகை முதலிய ஊர்களில் ஒரு திண்ணையில் தமிழும் அடுத்த திண்ணையில் தெலுங்கும் ஒலிக்கும். இரு வீட்டாரும் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து ஏறுவது ஒரே மலைக்குத்தான். அருணகிரிநாதரின் தமிழ்த் திருப்புகழும், முத்துசுவாமி தீட்சிதர் இத்தலத்தில் குருவருள் பெற்றுப் பாடிய வடமொழிக் கீர்த்தனமும் ஒரே சந்நிதிக்கு உரியவை. இத்தகைய மண்ணில் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்.

குடியரசுத் தலைவராகவும், ஆசிரியர் தினத்திற்கு உரியவராகவும் அவரை அனைவரும் அறிவர். தம்மை உருவாக்கிய நூல்களையும் மனிதர்களையும் எண்ணிப் பார்த்து, 1937-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையை அறிந்தவர் சிலரே. பெரியோர்கள் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகள் இரண்டு அதில் உள்ளன.

முதலாவது, அவர் தத்துவம் பயில நேர்ந்த விதம். பதினேழு வயதில், கணிதமா, இயற்பியலா, உயிரியலா, வரலாறா, தத்துவமா என்று முடிவு செய்ய இயலாமல் அவர் தயங்கி நின்றார். அவ்வாண்டு பட்டம் பெற்ற உறவினர் ஒருவர், தமக்கு இனித் தேவைப்படாத தத்துவப் பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். உளவியல், தருக்கம், அறவியல் என்று துறைக்கு ஒன்றாக மூன்று நூல்கள். அவையே தம் எதிர்காலத்தை முடிவு செய்தன என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். கொடுத்தவருக்கு அவை படித்து முடித்த பழைய புத்தகங்கள். பெற்றவருக்கோ அவை வாழ்க்கைப் பாதையாக அமைந்தன. இது தம் விருப்பமா, விதியா என்ற வினாவையும் அவர் எழுப்பிக்கொண்டார். அடியார்கள் இதனைத் திருவருள் என்றே கொள்வர்.

இரண்டாவது செய்தி சற்று வலி நிறைந்தது. 1896 முதல் 1908 வரை, திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் அவர் பயின்றவை கிறித்தவ மிஷன் நிறுவனங்களே. அங்கே இந்து சமயத்தின் மீது கடுமையான விமர்சனங்கள் வைக்கப்பட்டன. விவேகானந்தரின் சொற்களால் எழுச்சி பெற்றிருந்த அந்த இளம் உள்ளம் புண்பட்டது. வீட்டில் கண்ட வழிபாடும் பண்டிகையும் அவருக்குத் தெரியும். ஆனால் வினவியவர்களுக்கு விடை சொல்ல அந்தப் பழக்கம் மட்டும் போதவில்லை. அவர் சினந்து வாதிடவில்லை, நூல்களை நாடினார். நம் சமயத்தில் உயிருள்ளது எது, காலத்தால் உதிர வேண்டியது எது என்று ஆராயலானார்.

அந்த ஆராய்ச்சியின் முதற்கனி, வேதாந்தத்தின் அறநெறி குறித்து முதுகலைப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வுரை. 1908-இல் அது நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்போருக்கு அது விடையாக அமைந்தது. மிஷன் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ஹாக் அதனை எவ்வாறு ஏற்பாரோ என்று மாணவர் அஞ்சினார். ஹாக் மனம் நிறைந்து பாராட்டி நற்சான்று அளித்தார். வினா எழுப்பியவரும் விடை கூறியவரும் ஒருவரையொருவர் மதித்த காட்சி அது.

அதன் பின்னர் நூல்கள் வரிசையாக வந்தன. இந்தியத் தத்துவம் பற்றிய இரு பெருந்தொகுதிகள் 1923-இலும் 1927-இலும், பகவத்கீதையின் மொழிபெயர்ப்பு 1948-இலும், முதன்மை உபநிடதங்கள் 1953-இலும் வெளிவந்தன. குடியரசுத் துணைத் தலைவராக இருந்த 1960-ஆம் ஆண்டிலும் பிரம்ம சூத்திரத்திற்கு விளக்க நூல் தந்தார். பதவிகள் வந்தபோதும் புத்தகத்தை அவர் கீழே வைக்கவில்லை.

இந்த இரண்டு செய்திகளையும் இன்றைய இல்லங்களோடு பொருத்திப் பார்த்தல் நலம். எத்தனையோ வீடுகளில் தாத்தா வாங்கிய திருப்புகழும், பாட்டி பாராயணம் செய்த கந்த புராணமும், செம்மண் நிறமேறிய பக்கங்களோடு அலமாரியில் உள்ளன. பெரியவர்களின் காலம் முடிந்ததும், வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், அவை பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குப் போய்விடுகின்றன. பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. அந்நூல் எத்தகையது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். படிகளில் மஞ்சளும் குங்குமமும் இடச் சொன்னோம். ஏன் என்று கேட்டபோது, வழக்கம் என்று கூறி நிறுத்திக்கொண்டோம். நாளை வேற்றூரில் எவரேனும் அதே வினாவைக் கேட்டால், அப்பிள்ளையிடம் விடை இராது.

வங்கி வைப்புக்கு வாரிசைக் குறிப்பிடத் தவறாதவர்கள், நூல்களுக்கும் வாரிசைக் குறிப்பிடலாம். அதற்கு மரணத்தை எதிர்நோக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போது ஒரு நூலை எடுத்து, முதற்பக்கத்தில் அதன் பெயரை எழுதி, அதன் கையிலேயே கொடுத்துவிடலாம். தமிழ் படிக்கத் தெரியாத குழந்தையாயின், நாள்தோறும் ஒரு பாடலைப் படித்துக் காட்டிப் பொருள் சொல்லலாம். தொலைவில் இருந்தால் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பலாம். கேள்வி கேட்டால் மகிழ்ந்து விடை சொல்ல வேண்டும். விடை தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து நூலைப் புரட்டலாம்.

கொடுக்கும் நூல் எந்தப் பிள்ளையின் கையில் என்னவாகும் என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. பாடநூல்களைக் கொடுத்த அந்த உறவினருக்கும் தெரிந்திருக்காது. கொடுப்பது நம் கடன். வளர்ப்பது தணிகை வேலவன் பொறுப்பு.