கீழ்ஒட்டிவாக்கத்துச் சுபேதாரும் கொடிநாள் உண்டியலும்

காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள் நிதி திரட்டும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருப்பதால், இம்மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் 1912இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த சுபேதார் சுப்பிரமணியன் பற்றிய இம்மடல் மாகறலிலிருந்து தங்கள் பெயருக்கே எழுதப்படுகிறது.

அவர் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் எதிரி புதைத்த கண்ணிவெடியை அகற்றுவதும் சாப்பர்களின் வேலை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்பிரிவின் வீரருக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றே பெயர். சுபேதார் என்பது வெள்ளை அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே நின்று, களத்தில் ஆட்களை நடத்திய இந்தியருக்குரிய பதவி.

கண்ணி அகற்றும்போது, முன்னால் செல்பவர் காதில் ஹெட்போன் மாட்டி, கண்டறியும் கருவியைத் தரையை ஒட்டி அசைத்தபடி அடிமேல் அடி வைப்பார். சோதித்து முடித்த தடத்தின் ஓரத்தில் வெள்ளை நாடா விரிக்கப்படும். 1944 பிப்ரவரியில், இத்தாலியின் மிக்னானோவில் இத்தகைய பணியின்போது உடனிருந்த வீரர் ஒருவரின் காலடியில் கண்ணி இயங்கிவிட, அது வெடிப்பதற்குள் கிடைத்த சில நொடிகளில் சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து படுத்து, வெடிப்பைத் தம் உடலால் தாங்கி, அருகிலிருந்தோரைக் காத்து மாண்டார்.

இச்செயலுக்காக அவருக்குக் கிடைத்த ஜார்ஜ் கிராஸ் பதக்கம், 1940இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் நிறுவியது. எதிரியின் நேர்முன் காட்டிய வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், அவ்வாறல்லாத சூழலில் காட்டிய வீரத்துக்கு இது என்ற வேறுபாடுதானே தவிர, தகுதியில் இரண்டும் சமம். விடுதலைக்குப் பின் இதற்கு இணையாக வந்தது அசோக சக்கரம்; அதனைப் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனை 'அமரன்' திரைப்படம் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சுபேதாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் அணிந்தது ஆங்கிலேயர் சீருடை என்று தயங்குவோர் இருக்கலாம். ஆனால் அந்த வெள்ளை நாடாவை ஒட்டி அவரோடு நடந்தவர்கள் தம்பிகள் என்பதை எண்ணினால் அத்தயக்கத்துக்கு அதிக இடமில்லை.

வேண்டுவது சிலையன்று. கண்ணிவெடி, சாப்பர், சுபேதார் ஆகிய சொற்களின் பொருளோடு இந்நிகழ்வை எளிய தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டு, வரும் கொடிநாளில் மாகறல், வாலாஜாபாத் வட்டாரப் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், உண்டியல் சுற்றி வருவதற்கு முன், மாணவர் ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்வதே இம்மடலின் நோக்கம்.