லாண்ட்மாஸ்டருக்கு ஒரு பின்விளக்கு

வந்தாறுமூலையில் இருந்து வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் எப்போதும் முன்பக்கம்தான் இருப்போம். பின்னுக்கு இருந்தால் வெருகல் வருவதற்குள் ஒருத்திக்குச் சத்தி வந்துவிடும். அதனால் போன பெரும்போக அறுவடை நேரம், கிளிவெட்டி தாண்டி இருட்டுக்குள் நடந்ததை நேராகவே பார்த்தோம். எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கடந்து போனதும் வீதியில் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த நொடி கண்ணாடிக்கு முன்னால் நெல் மூட்டைகளால் ஒரு சுவர். அதன் உச்சியில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு அம்மா. டிரைவர் அண்ணன் பிரேக்கில் ஏறியே நின்றுவிட்டார். இடையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம் மிஞ்சியிருக்கும்.

லாண்ட்மாஸ்டர். பின்னால் விளக்கு இல்லை, சிவப்பு மட்டை இல்லை, ஒளி தெறிக்கிற ஸ்டிக்கர்கூட இல்லை.

கொண்டக்டர் இறங்கிப் போய்க் கத்தினார். ஓட்டி வந்த ஐயா எஞ்சினை நிற்பாட்டாமலே பதில் சொன்னார்: “லைட் இருந்தது மகன். மூட்டை ஏத்தக்குள்ள வயர் அறுந்து போச்சு. இப்ப என்ன செய்யச் சொல்றீங்க, நெல்லை ரோட்டில கொட்டிட்டுப் போகவா?”

பஸ் திரும்பவும் ஓடத் தொடங்கியதும் உள்ளே வழக்கு ஆரம்பித்தது. “இதுகளை மெயின் ரோட்டுக்கே விடக் கூடாது” என்று சொன்னவர்கள்தான் அதிகம். எங்களுக்கும் கை நடுக்கம் நிற்காததால் முதலில் தலையாட்டினோம். ஆட்டாமல் இருந்தவள் எங்களில் ஒருத்தி மட்டும்தான். அவளுடைய மாமா ஐந்து வருஷத்துக்கு முன் இப்படியான ஒரு பெட்டியின் பின்னால் மோட்டார் சைக்கிளோடு போய் மோதியவர். இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதே நேரம் அவளுடைய அப்பாவிடம் இருப்பதும் ஒரு லாண்ட்மாஸ்டர்தான். அவளைக் கம்பஸுக்கு அனுப்பியது அந்த எஞ்சின்தான் என்று அவளே சொல்லுவாள். இந்தக் கட்டுரை பாதிக்கு மேல் அவளோடு நாங்கள் போட்ட சண்டையில் இருந்து வந்தது.

டவுனுக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்காக இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசாங்கத் தமிழில் இது இருசக்கர உழவு இயந்திரம். லாண்ட்மாஸ்டர் என்பது ஒரு கொம்பனியின் பெயர். இப்போது சீனத்து சிஃபாங் ஆனாலும் யப்பான் குபோட்டா ஆனாலும் நமக்கு எல்லாமே லாண்ட்மாஸ்டர்தான். முன்னால் ஒரேயொரு சிலிண்டர் டீசல் எஞ்சின், இரண்டு சில்லு, நீளமான கைபிடி. வயலில் கலப்பையைப் பூட்டுவார்கள். வயல் முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பூட்டுவார்கள். ஓட்டுகிறவர் இருப்பது எஞ்சினில் இல்லை, பெட்டியின் முன் தட்டில். முன்விளக்கு எஞ்சினோடு சேர்ந்தது. பின்விளக்கு பூட்டுவதென்றால் பெட்டியில்தான் பூட்ட வேண்டும். ஆனால் பெட்டி ஒவ்வொரு நாளும் கழற்றிப் பூட்டப்படுகிற சாமான். ஊரில் ஒரு பெட்டியை மூன்று பேர் மாறி மாறிப் பாவிப்பதும் உண்டு. ஐயா சொன்ன வயர் கதை சாட்டு இல்லை, அந்த இயந்திரத்தின் அமைப்பே அப்படித்தான். பள்ளத்தில் இறங்கும்போது இடது கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி வலது பக்கம் திரும்பும் என்பதையும் அவள்தான் சொன்னாள். சமதரையில் பழகிய கை இறக்கத்தில் பிழை விடும். இது வயலுக்கென்று செய்த சாமான், வீதிக்கு நாங்கள் இழுத்து வந்திருக்கிறோம்.

சட்டம் இதைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இதுவும் பதிய வேண்டிய வாகனம். ஓட்ட ஜீ1 என்று தனி வகுப்பு லைசென்ஸ் இருக்கிறது. வேக எல்லை 40 கிலோமீற்றர். லாண்ட்மாஸ்டர் தன் ஆயுளில் அந்த வேகத்தைக் கண்டிருக்காது என்பது வேறு கதை. 2022இல் கியூஆர் கோட் வைத்து எரிபொருள் அளந்து கொடுத்தபோதும் இந்த வகை வாகனங்களுக்கென்று தனி அளவு ஒதுக்கினார்கள். டீசலை மட்டுப்படுத்த எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இருட்டில் அவை தெரிகின்றனவா என்று பார்க்கத் தோன்றவில்லை. வீதியில் விதி என்பது தண்டப் பத்திரமாக மட்டும்தான் வருகிறது. தண்டம் கட்டிய ஆள் அதே இருட்டில், அதே விளக்கில்லாத பெட்டியோடு வீட்டுக்குப் போகிறார்.

அன்றைக்குக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து சீனக்குடாவை நெருங்கும்போது எங்களில் ஒருவன் ஒரு பகிடி விட்டான். அங்கே விமானப்படை நடத்துகிற கோல்ஃப் மைதானம் இருக்கிறது, ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ். “கோல்ஃப் வண்டியும் எங்கட ஐயாட லாண்ட்மாஸ்டர் மாதிரித்தான் மச்சான், ரோட்டுக்குச் செய்யாத சாமான். ஆனா அதுக்குப் புல்லு விரிச்சு வச்சிருக்கிறாங்க.” சிரித்தோம். பிறகு தேடிப் பார்த்தபோது அது பகிடியாக மட்டும் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் பீச்ட்ரீ சிட்டி என்று ஒரு ஊர். அங்கே சனங்கள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோல்ஃப் வண்டியில் போகிறார்கள். அதற்காகவே வீதியில் இருந்து விலக்கி ஏறக்குறைய 160 கிலோமீற்றர் பாதை போட்டிருக்கிறார்கள். எந்த வயதில் ஓட்டலாம், எந்த வீதியைக் கடக்கலாம் என்பதெல்லாம் ஊர்ச் சபையே போட்ட விதி. காசுள்ள ஊர், செய்வார்கள். சரி, இந்தியாவைப் பார்ப்போம். டெல்லியில் பற்றரி ரிக்‌ஷாக்கள் எந்தப் பதிவும் இல்லாமல் பெருகின. 2014 ஜூலை 31 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அவற்றை ஓடக் கூடாது என்று நிறுத்தியது. அது அப்படியே முடிந்திருந்தால் அதை நம்பிச் சோறு தின்றவர்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அதற்கென்று ஒரு வகுப்பும் லைசென்ஸும் கொடுத்தார்கள். 25 கிலோமீற்றர் வேகம், நாலு பயணிகள் என்று எல்லையும் வைத்தார்கள். அந்த விதியில் ஓட்டைகள் இருக்கலாம். எங்களுக்குப் பிடித்தது, ஏழையின் வாகனத்தைத் துரத்தாமல் விதிக்குள் எடுத்த விதம்.

இங்கே அப்படி ஒன்றை யார் செய்வது? பஸ் வந்த ஏ15 வீதி அதிகார சபைக்குச் சொந்தம். கந்தளாய்ப் பக்கம் போகிற ஏ6உம் அப்படியே. பிரதேச சபைக்கு உள்வீதிகள் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் நின்று பேசவேண்டிய கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. குறிஞ்சாக்கேணியை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாலம் திருத்துகிறோம் என்று வழியை மூடினார்கள், சனம் மிதவையில் ஏறியது. 2021 நவம்பர் 23 அன்று அது கவிழ்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட குறைந்தது ஆறு பேர் போனார்கள். அந்த மிதவை எந்த விதிக்குள் வருகிறது, யார் பொறுப்பு என்று எல்லோரும் கேட்டது அதற்குப் பிறகுதான்.

எங்களுக்குத் தோன்றுகிற வழி ஒன்று உண்டு, அதற்குப் புதுச் சபை ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் அரசாங்க அதிபர் தலைமையில் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. குளத்தைத் திறக்கிற திகதி, விதைப்புக்குக் கடைசி நாள், மாடுகளை வயலில் இருந்து அகற்ற வேண்டிய நாள் எல்லாம் அங்கேதான் முடிவாகும். கமக்காரரே கை உயர்த்தி எடுக்கிற முடிவு அது. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது, மீறினால் வழக்கு. கட்டாக்காலி மாட்டுக்கு அந்தக் கூட்டத்தில் விதி போடலாம் என்றால், அறுவடை மாதத்தில் வீதிக்கு வருகிற பெட்டிக்கு ஏன் போடக் கூடாது? பெட்டியின் பின்பலகையில் சிவப்புத் தெறிப்பு மட்டை இரண்டு. வயர் வேண்டாத, பற்றரியில் எரிகிற, கொளுவிக் கழற்றக்கூடிய விளக்கு ஒன்று. உர மானியத்துக்குப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிற கமநல சேவை நிலையமே அதைக் கொடுக்கலாம். முதல் போகத்துக்கு எச்சரிக்கை, தண்டம் அடுத்த போகத்தில் இருந்து. பொலிசையும் வீதி அதிகார சபையையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அறுவடை வாரங்களில் எந்த எந்த இடத்தில் வீதியோரத்தைத் துப்புரவாக்கித் தருவீர்கள் என்று கேட்கலாம். வீதியோரம் முழுக்கப் பற்றையாக இருக்கும்போது ஒதுங்கி ஓடு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கமக்காரருக்கு இன்னொரு சுமை ஏற்றுகிறார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். எங்கள் தோழியின் அப்பாவும் அதைத்தான் சொன்னார். பொலிஸ் மறிக்க இன்னொரு சாட்டுக் கிடைக்கும் என்றார். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் விளக்கைக் கொடுத்த பிறகு தண்டம் என்கிறோம். ஆனால் “நாங்கள் மெதுவாத்தானே போறம், இடிக்கிறவன்தான் பார்த்து வர வேணும்” என்று அவர் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மெதுவாகப் போவதுதான் ஆபத்தே. 60இல் வருகிறவனுக்கு முன்னால் 15இல் போகிற பெட்டி, இருட்டில் நிற்கிற சுவர் மாதிரி. மாமாவின் காலை அவர் தினமும் பார்க்கிறார்.

போன கிழமை நாங்கள் காசு சேர்த்து டவுனில் தெறிப்பு ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கினோம். அவளே தன் வீட்டுப் பெட்டியைக் கழுவித் துடைத்து, பின்பலகையின் இரண்டு மூலையிலும் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பினாள். ஃபிளாஷ் பட்டுச் சிவப்பு நன்றாகத்தான் மின்னியது. அன்று பின்னேரம் பெட்டி முற்றத்திலேயே நின்றது. அப்பா பக்கத்து வீட்டுப் பெரிய பெட்டியை இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்டு மில்லுக்குப் போயிருந்தார்.