இயந்திரம் வரட்டும், எங்கம்மாவும் கூட வரட்டும்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பேர் இன்னும் பெரிசாகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் கரிசல்காட்டில் மழை பொய்த்த வருஷமெல்லாம் எங்க தெருவில் உலை வைக்கச் சோறு போட்டது தீப்பெட்டி. வெளியூரில் ஃபேக்டரி என்பார்கள், எங்க ஊரில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்போம். எங்க அம்மா 'ஆபீஸ் போறேன்' என்று சொன்னால் அது இந்த ஆபீஸ்தான்!

எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த உரிமையில் இம்மலர் வழியாக ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நாம் படிக்கும் இயந்திரவியல் யாருக்காக?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நான் இல்லை, எங்கம்மா. முதல் வருஷம் சேர்ந்தபோது, "ஏய்யா, நீ படிக்கிறது அந்த மிசின் படிப்புதானே? எங்க ஆபீஸ்ல வந்து எறங்கிருக்கே, அந்த மிசினா?" என்றார்கள். அந்த ஆட்டோமேட்டிக் மெஷின் வந்த பிறகு, வாரம் ஆறு நாள் இருந்த வேலை அவர்களுக்கு மூன்று நாளாகிவிட்டது. அந்த மூன்று நாள் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் எனக்கு மெஷின் படிக்கப் பரீட்சை ஃபீஸ் கட்டுகிறார்கள்!

விரலே இயந்திரமாக இருந்த காலம்

உடனே சிலர், "பாத்தியா, மெஷின் வந்தாலே ஏழை வயித்துல அடிதான்" என்பார்கள். டீக்கடைப் பெஞ்சில் தினமும் நடக்கும் வாதம் இது. என்னால் அதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு தீக்குச்சி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். குச்சியைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். மெழுகில் தோய்த்து, பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்தில் முக்கிக் காயவைக்க வேண்டும். பெட்டி ஒட்ட வேண்டும், குச்சியை அடைக்க வேண்டும், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ் மருந்து தடவ வேண்டும். குச்சியில் ஒரு மருந்து, பெட்டியில் ஒரு மருந்து. இரண்டும் உரசினால்தான் தீ. கெமிஸ்ட்ரி லேபில் நாம் படித்ததை எங்க தெருப் பெண்கள் கையாலேயே செய்கிறார்கள்.

அந்த அடுக்குகிற வேலைக்குச் சின்ன விரல்தான் வேகம் என்று ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளையே உட்காரவைத்தார்கள். விடியுமுன்னே ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் என்பார்கள் பெரியவர்கள். எங்கம்மாவும் அப்படிப் போனவர்தான். ஐந்தாம் வகுப்போடு சிலேட்டு பரண் மேலே ஏறிவிட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி குழந்தைகள் பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமும் பள்ளிக்கூடமும் சத்துணவும் சேர்ந்துதான் என் தலைமுறையைச் சட்டத்தின் முன்னாலிருந்து எழுப்பிக் கரும்பலகையின் முன்னால் உட்காரவைத்தன.

ஆகவே மெஷினே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. மெஷின் இல்லாத காலத்தில் எங்கம்மாவின் விரல்தானே மெஷினாக இருந்தது!

லைட்டரும் இரண்டு ரூபாயும்

இன்னொரு பக்கம் பாருங்கள். 1995-ல் தீப்பெட்டி விலை 25 காசிலிருந்து 50 காசானது. 2007-ல் ஒரு ரூபாய். அதற்குப் பிறகு 14 வருஷம் அந்த ஒரு ரூபாய் அசையவே இல்லை! 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. அந்த வருஷம் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்குத் தாவியது. மெழுகும் அட்டையும் கூடவே ஏறின. இந்த 14 வருஷத்தில் டீ விலை எத்தனை முறை ஏறியது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

போதாததற்குப் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிக்குச் சமம் என்று சொல்லி, தடை கேட்டுத் தமிழக முதல்வர் 2022-ல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. எங்க ஊரில் வெடி போடாத குறைதான்! ஆனால் தடை ஒரு அணைதான் நண்பர்களே. அணைக்குப் பின்னால் இருக்கும் நேரத்தில் நாம் என்ன விதைத்தோம் என்பதுதான் கேள்வி. கேஸ் அடுப்பு தானாகப் பற்றிக்கொள்கிறது. அதற்கு எந்தத் தடை போடுவது?

இப்போது பேப்பரைத் திறந்தால் செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் பேச்சு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, பெரிய நகரத்து கம்ப்யூட்டர் இன்ஜினியர்களே 'நம்ம வேலை என்னாகும்?' என்று பயப்படுகிறார்கள். பட்டணத்துப் பயம் டி.வி.யில் விவாதமாக வருகிறது. எங்க தெருப் பயத்தை எந்த சேனலும் கேட்க வரவில்லை. கூலி நோட்டில் விழாத மூன்று நாளாக அது இருந்துவிட்டுப் போகிறது.

நாம் என்ன செய்யலாம்?

மெஷின் வருவதில் தப்பில்லை. மெஷின் வரும்போது அதன் பக்கத்தில் நிற்க யாருக்குக் கற்றுத் தருகிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது. எங்கம்மா ஆபீஸில் மெஷின் ஓட்ட வந்தவர்கள் எல்லாம் வெளியூர்ப் பையன்கள். முப்பது வருஷம் தீக்குச்சியைத் தொட்ட கைக்கு ஒரு ஸ்விட்சைப் போடக் கற்றுத் தர யாருக்கும் தோன்றவில்லை. 'பொம்பளைக்கு மெஷின் எதுக்கு?' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதே பெண்கள் இன்று செல்போனில் பணம் அனுப்புகிறார்கள், க்யூ.ஆர். கோடைப் பிடித்துக் காய்கறி வாங்குகிறார்கள். இதெல்லாம் வரும், அது மட்டும் வராதா?

என் சிற்றறிவுக்கு எட்டிய யோசனைகள் மூன்று.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஒர்க்‌ஷாப் பூட்டியே கிடக்கிறது. மாணவர் பேரவை நிர்வாகத்திடம் பேசி, தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்களுக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி நடத்தலாம். மெஷினை ஓட்டுவது, நிறுத்துவது, எமர்ஜென்ஸி ஸ்விட்ச், பெல்ட் மாற்றுவது, மருந்து அறையில் பாதுகாப்பு. இவ்வளவு போதும். இது புதுசும் இல்லை. பாலிடெக்னிக்கின் பட்டறை அறிவு சுற்றுக் கிராமங்களுக்குப் போக வேண்டும் என்று 1978-79-லேயே மத்திய அரசு சமுதாயப் பாலிடெக்னிக் திட்டத்தைத் தொடங்கியது.

இரண்டு: நம் கடைசி வருஷ புராஜெக்ட். நம்மில் எத்தனை பேர் அதைக் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்குகிறோம்? (யாரும் கோபிக்க வேண்டாம்!) அந்தக் காசில் பெட்டி அடைப்பவர்கள் முதுகு வலிக்காமல் உட்கார ஒரு இருக்கை செய்யலாம். மருந்து நெடி வெளியேற ஒரு நல்ல காற்றுப்போக்கி செய்யலாம். மார்க்கும் வரும், புண்ணியமும் வரும்.

மூன்று: பெரிய மெஷின் வாங்க முடியாத சின்ன ஆபீஸ்கள்தான் முதலில் மூடப்படுகின்றன. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மெஷினைப் பொதுவில் வைத்துக்கொள்ள, சிறுதொழில்களுக்கான பொது வசதி மையம் என்ற ஏற்பாடு அரசுத் திட்டங்களில் இருக்கிறது. விண்ணப்பமும் திட்ட அறிக்கையும் எழுதத்தான் ஆள் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் நாம் இருக்கிறோமே!

சிலர் கேட்கலாம், "டிப்ளமோ முடிச்சு ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகப் போறோம், ஊர்க் கவலை நமக்கெதுக்கு?" என்று. போவோம், நானும்தான் போவேன். ஆனால் நம்மைப் பஸ் ஏற்றிவிடும் கை எந்த வேலை செய்து காய்த்த கை என்பதை மறந்துவிட்டு வாங்கும் டிப்ளமோ வெறும் காகிதம்தான்.

அடுத்த மாதம் பேரவைக் கூட்டம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் சாவி பற்றி அங்கே ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். கை தூக்க வாருங்கள் நண்பர்களே!