வெட்டுக்காரருக்கு எதற்குத் தேகப்பயிற்சி?

புத்தாண்டு பிறந்தவுடன் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஒரு புது உற்சாகம் கிளம்பிவிடுகிறது. நேற்றுவரை பக்கத்துக் கடைக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிளை உதைத்தவர்கள், ஜனவரி முதல் ஞாயிறன்று ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையில் ஏறப் புறப்படுகிறார்கள். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் சிலர். பொங்கல் விளையாட்டு வருகிறதென்று, பத்தாண்டு காலமாகப் பந்தைத் தொடாதவர்களும் காற்சட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துத் திடலில் இறங்கிவிடுகிறார்கள். இதை நாம் குறை கூறவில்லை, மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். ஆயினும், ஜனவரிக் கடைசியில் ஆபீஸ் மேசைக்கு வந்து சேரும் மருத்துவ விடுப்புச் சீட்டுகளைக் கோப்பில் குத்துகிறவர்கள் நாம் ஆதலால், சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், "மரம் வெட்டுகிறவருக்கு எதற்குத் தேகப்பயிற்சி? வேலையே பயிற்சிதானே!" என்று கூறுவோர் உண்டு. நாம் இதை ஏற்பதற்கில்லை. ஒரு நாளைக்கு 500, 600 மரங்களுக்கு முன் குனிந்தும் நிமிர்ந்தும், ஒரே கையால் ஒரே விதமாக உளியை இழுத்து, பிறகு பால் வாளிகளைச் சுமந்து வருவது உழைப்பு. அது உடம்பின் சில பாகங்களைத் தேய்க்கிறது. மற்றவற்றைத் தொடுவதே இல்லை. மணிக்கட்டும் இடுப்பும் முழங்காலும் அன்றாடம் வதைபடுகின்றன. தாழ்ந்த பட்டையை வெட்டுகிறவருக்கு முதுகு. உயர்ந்த பட்டையை வெட்டுகிறவருக்குக் கழுத்தும் தோளும். இப்படிப்பட்டவர் மாலையில் போய் இரும்புக் குண்டைத் தூக்கினால், காலையில் நோகடித்த இடத்தையே மறுபடியும் நோகடிக்கிறார். அவருக்கு வேண்டியது பளு அல்ல. குனிந்த முதுகைப் பின்னுக்கு வளைப்பது, தோளைச் சுழற்றுவது, தொடையையும் கெண்டைக்காலையும் மெல்ல நீட்டுவது, கைவீசி நடப்பது ஆகியவையே போதும்.

கிராணிமாரின் கதை வேறு. பெரட்டு முடிந்ததும் நாற்காலியில் அமர்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருப்பதில்லை. கணக்குப் புத்தகம் போய்க் கணினி வந்தபின், ஸ்டோருக்கு நடந்துபோன நடையும் குறைந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. இதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மலையேறித் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இதை விளக்க டாக்டர் தேவையில்லை. நம் மரமே போதும். கன்று நட்டு 5 முதல் 7 ஆண்டுவரை, அடிமரம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் சுற்றளவு எட்டும்வரை, அதில் யாரும் உளி வைப்பதில்லை. வெட்டத் தொடங்கிய பிறகும் ஒருநாள் வெட்டி ஒருநாள் ஓய்வு விடுவதுதான் வழக்கமான முறை. பால் அதிகம் வேண்டுமென்று தினமும் வெட்டினால், சில மரங்களில் பாலே வற்றிப்போகும். ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்தப் பக்கத்தில் உளி ஓடாது. மரத்துக்கு இவ்வளவு நிதானம் காட்டுகிற நம் தோழர், தம் சொந்தக் காலுக்கு அதில் பாதியாவது காட்டக் கூடாதா? தசை சில வாரங்களில் வலுவடைந்துவிடும்; அதை எலும்போடு கட்டியிருக்கும் நாண்கள் வலுப்பெறுவதற்கு மாதங்கள் ஆகும். "இப்போது நன்றாக முடிகிறதே" என்று இரண்டாம் மாதத்தில் வேகத்தைக் கூட்டுகிறவருக்குக் குதிகால் நாண் வீங்குவது இதனால்தான்.

முதல் இரண்டு வாரம் பத்து, பதினைந்து நிமிட நடை போதும். பிறகு வாரத்துக்குச் சிறிதாகக் கூட்டலாம். ஆடுகளத்தில் இறங்குமுன் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்க வேண்டும். மறுநாள் தசை முழுவதும் மந்தமாக நோவது இயல்பு, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே இடத்தில் குத்துகிற வலியும் மூட்டு வீக்கமும் அப்படியல்ல. அவை வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

வெயிலையும் மறக்கலாகாது. ஆண்டின் தொடக்கமே வடமாநிலங்களில் வறண்ட காலம். மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். பக்கத்துப் பெர்லிஸில், சுப்பிங்கில், 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. விடியற்காலைக் குளிரில் மர நிழலில் வேலை செய்து பழகிய உடம்பு, பிற்பகல் மூன்று மணித் திடலுக்குப் பழகியது ஆகாது. அதற்கு ஒரு வாரமோ இரு வாரமோ பிடிக்கும்.

செருப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விலையுயர்ந்த காலணிதான் வேண்டும் என்பதில்லை. நம் கித்தாவில் செய்த 'கம்போங் அடிடாஸ்' சேற்றுப் பாதைக்கு நன்றாகவே பிடிக்கும். தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட மட்டும் அதில் மெத்தை போதாது.

இன்னொன்று, இதுவே பெரிது. சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டில் பெரியவர்கள் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியரிடையே விகிதம் இன்னும் அதிகம். தமக்கு இருப்பதே தெரியாமல் இருப்பவர் பலர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாராமல் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் திடீரென்று ஓடுவது சூதாட்டம். பெர்கேசோ 2013-இல் நாற்பது வயது எட்டிய சந்தாதாரருக்கு இலவசப் பரிசோதனைச் சீட்டு வழங்கத் தொடங்கியது. அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டவர்களை நாம் அறிவோம்! நீரிழிவு உள்ளவர் நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். உணர்வு மங்கிய காலில் கொப்புளம் வலிக்காது. நெஞ்சு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ, ஆட்டம் முடியட்டும் என்று காத்திராமல் 999-ஐக் கூப்பிடுங்கள்.

கால் சுளுக்கினால் உடனே எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. முதல் இரண்டு நாள் அது வீக்கத்தைக் கூட்டும். ஐஸ் ஒற்றடம், துணிக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இவை நல்லது. மேலும், உருவுகிறவர் விடுப்புச் சீட்டு தரமாட்டார். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைந்தவருக்கு 18, அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டரின் சீட்டு இருந்தால்தான். அந்த நாட்களைத் திடலில் ஜனவரியிலேயே செலவழித்துவிட்டவர் மழைக்காலக் காய்ச்சலுக்கு என்ன செய்வார்? சம்பளமில்லாத நாள்தான். திடலில் பட்ட காயத்தை நிரையில் பட்டதாக எழுதித் தரும்படி கிராணியிடம் கேட்காதீர்கள்; பொய்யென்று தெரிந்தால் உண்மையாகவே அடிபட்ட மற்றவரின் மனுவையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

பெண்களை இதில் யாரும் எண்ணுவதில்லை. காலையில் நிரை, மத்தியானம் அடுப்பு, மாலையில் துணியும் பிள்ளையும். திடலோ ஆண்களின் பந்துக்கு. வாரத்தில் இரண்டு மாலை, ஐந்தரை முதல் ஆறரைவரை, திடலின் ஒரு பாதியைப் பெண்களின் நடைக்கு ஒதுக்க வேண்டுமென்று கிளைக் கமிட்டிகள் தீர்மானம் நிறைவேற்றி நிர்வாகத்துக்கு எழுதலாம். அந்த ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை அந்தந்த வீட்டு ஆண்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.