மாற்று இதயம்: தகுதியை எவ்வாறு அளவிடுவது?

1967 டிசம்பர் 3 ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட், ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தும் சத்திரசிகிச்சையை முதன்முதலில் மேற்கொண்டார். நோயாளியான லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாட்களே உயிர் வாழ்ந்தார். ஆனால், அவரைப் பலிகொண்டது நிமோனியா. வீதி விபத்தில் சிக்கிய 25 வயதுப் பெண்ணிடமிருந்து பெறப்பட்ட இதயமோ தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது.

அப்பெண்ணின் செயற்கைச் சுவாசம் நிறுத்தப்பட்டு, துடிப்பு நின்ற பின்னரே இதயம் அகற்றப்பட்டதாக அன்று அறிவிக்கப்பட்டது. 1968 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று மூளைச் சாவுக்கு வரைவிலக்கணம் வகுத்ததையடுத்து நிலைமை மாறியது. மூளை இறந்தும் துடித்துக்கொண்டிருக்கும் இதயமே உகந்தது என்பது நடைமுறையாயிற்று. இதற்குக் காரணமும் உண்டு. குருதியோட்டம் நின்றதும் இதயத்தசை சேதமுறத் தொடங்குகின்றது. பனிக்கட்டியில் வைத்தாலும் சுமார் 4 மணித்தியாலங்களுக்குள் பொருத்தியாக வேண்டும். கொடையாளி வயதில் மூத்தவராயின் தாமதத்தின் பாதிப்பு இன்னும் அதிகம். பொருத்திய இதயம் முதல் நாளிலேயே இயங்கத் தவறுவது ஆரம்பகால மரணங்களின் பிரதான காரணங்களுள் ஒன்றாகும்.

எனவே வைத்தியர்களின் எச்சரிக்கை நியாயமானதே. எனினும், நல்ல இதயத்துக்காகக் காத்திருந்தே மாண்டு போகும் நோயாளியின் மரணம் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கணக்கில் சேர்வதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

2014 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள சென். வின்சென்ற்ஸ் வைத்தியசாலை, துடிப்பு நின்ற இதயத்தை இயந்திரமொன்றில் இணைத்து, வெதுவெதுப்பான குருதியைச் செலுத்தி மீண்டும் துடிக்கச் செய்து நோயாளிக்குப் பொருத்தியது. 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இத்தகைய இதயத்தைப் பெற்றோரில் 94 சதவீதமானோரும் வழமையான முறையில் பெற்றோரில் 90 சதவீதமானோரும் ஆறு மாதங்களின் பின் உயிருடன் இருந்தனர். இதனை வைத்து நின்ற இதயமே மேலானது என்று கூறிவிட முடியாது. பொருத்தியவுடன் ஏற்படும் கடுமையான செயலிழப்பு அவர்களிடையே கூடுதலாகவே காணப்பட்டது. ஆயினும், முன்னர் புதைகுழிக்குச் சென்ற இதயங்கள் பயன்படக்கூடியவை என்பது நிரூபணமாகிவிட்டது.

இலங்கையின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017 இல் கண்டியில் நடைபெற்றது. பெரும் செலவு பிடிக்கும் அந்த இயந்திரத்தை எம் போன்ற நாடுகள் எளிதில் வாங்கிவிட முடியாது. ஆனால், இதயத்தைப் பாதுகாக்கும் பணி இயந்திரத்துடன் ஆரம்பிப்பதில்லை. மூளைச் சாவடைந்தவரின் குருதி அழுத்தத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குலையாது பேணுவதும், துயரில் தவிக்கும் உறவினருக்கு மூளைச் சாவு என்றால் என்னவென்று அவர்களது தாய்மொழியிலேயே பொறுமையுடன் விளக்கக்கூடிய ஒருவர் அங்கிருப்பதும் அப்பணியைச் சேர்ந்தவையே. இவற்றுக்குக் கோடிக்கணக்கான பணம் தேவையில்லை.