ஆடிய பாதமும் கற்பித்த கையும்

ஆடற்கலையைத் தொழிலாகக் கொண்டோர் வாழ்வில் ஒரு விந்தை உண்டு. வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் வயது முதிர முதிர மதிப்புப் பெறுவர். நடனமாதுக்கோ முப்பத்தைந்து வயதிலேயே பொழுது சாயத் தொடங்கிவிடுகின்றது. மேலைநாட்டுப் ‘பலே’ நடனத்தில் இது இன்னும் கடுமை. கால்விரல் நுனியில் நின்று சுழலும் அக்கலை, சிறு பிள்ளையாகப் பிடித்து, இளமையில் மேடையேற்றி, கணுக்காலையும் முழங்காலையும் கூலியாக வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடும். அதன் பின்னர் உள்ள நாற்பது ஆண்டுகளுக்கு அவர்கள் என் செய்வார்கள்? பரிசளிப்பு விழாக்களில் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. இவ்வாரம் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கையைக் கொண்டு அதற்கு விடை தேடுவோம்.

அவர் பெயர் ரோமானா கிறிசனோவ்ஸ்கா. பெயரின் நீளங் கண்டு நேயர்கள் அஞ்ச வேண்டாம்; அவருடைய மாணவர்கள் அழைத்தவாறே நாமும் ரோமானா என்றே அழைப்போம். 1923ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்திற் பிறந்தவர். நியூயோர்க் நகரிலே ஜோர்ஜ் பாலன்ஷீன் என்னும் ரஷ்ய நடன மேதை 1934இல் தொடங்கிய அமெரிக்க பலே கல்லூரியில் மாணவியானார். 1940களின் தொடக்கத்தில், மேடையே வாழ்வு என்றிருந்த பருவத்தில், கணுக்கால் கெட்டது. பாலன்ஷீன் அவரை எட்டாம் அவெனியூவில் 939ஆம் இலக்கக் கட்டடத்தில் இருந்த ஒரு ஜேர்மானியரிடம் அனுப்பி வைத்தார்.

அந்த ஜேர்மானியர் ஜோசப் பிலாட்டீஸ். ஆம், இன்று உலகெங்கும் ஒரு தேகாப்பியாச முறையின் பெயராக வழங்கும் ‘பிலாட்டீஸ்’ என்பது ஒரு மனிதரின் பெயரே. 1883இற் பிறந்த அவர் சிறு வயதில் நோயாளி. பின்னர் குத்துச்சண்டையும் உடற்பயிற்சியும் பழகி உரமேறியவர். முதலாம் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தமையால் பகைநாட்டவர் எனச் சிறை முகாமில் வைக்கப்பட்டார். 1926இல் அமெரிக்கா சென்று, மனைவி போல் உடனிருந்த கிளாராவுடன் நியூயோர்க்கில் ஒரு பயிற்சி நிலையத்தை நடத்தினார். தமது முறைக்கு அவர் இட்ட பெயர் ‘கொன்ட்ரொலொஜி’, அதாவது உடலை மனத்தால் ஆளும் வித்தை. அப்பெயரை இன்று வழங்குவோர் சிலரே. தாம் வைத்த பெயர் மறைந்து தம் பெயரே நிலைத்ததை அவர் விரும்பியிருப்பாரோ என்னவோ!

நிலையத்தில் ரோமானாவை வியக்க வைத்தது ஒன்று. நொந்தது கால், ஜோசப் கவனித்ததோ வயிற்றையும் முதுகையும் மூச்சையும். ஒடுக்கமான கட்டில் போன்ற ஒரு சட்டம். அதன்மேல் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் ஒரு தட்டு. தட்டைப் பிடித்திழுக்கும் சுருள்விற்கள். அதில் மல்லாந்து படுத்துக் காலால் உந்த வேண்டும். ‘ரிஃபோர்மர்’ என்னும் இக்கருவியின் பயனை ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள். நிற்கும்போது உடலின் முழுப் பாரமும் புண்பட்ட மூட்டின்மேல் இறங்குகின்றது. படுத்துக்கொண்டு உந்தும்போதோ சுருள்வில் எவ்வளவு எதிர்க்கின்றதோ அவ்வளவு பாரமே காலுக்கு. ஒரு சுருள்வில்லைக் கழற்றினால் பாரம் குறையும், மாட்டினால் கூடும். ஆகவே புண்பட்ட கால் ஓய்ந்து மெலியாமல், தாங்கக்கூடிய அளவிலே வேலை செய்துகொண்டிருக்கும். உடலின் நடுப்பகுதி உரம் பெற, மூட்டுக்குச் செல்லும் தவறான இழுப்பும் குறைகின்றது. நம் பிள்ளைகள் அரைமண்டியில் அடவு பழகும்போது முழங்கால் நோகின்றதென்று சொன்னால், ‘பழகப் பழகச் சரியாகும்’ என்று வாயை அடைத்துவிடுகின்றோம். நோவு எங்கிருந்து வருகின்றதென்று தேடுவதற்குப் பொறுமை வேண்டும்.

கால் தேறியது. அத்துடன் கணக்கு முடிந்ததெனப் பலர் போய்விடுவர். ரோமானா போகவில்லை, அங்கேயே தங்கி உதவி ஆசிரியையானார். ஆயினும் 1944இல் மணம் புரிந்து தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டிற்குச் சென்றார். ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, 1950களின் முடிவில் நியூயோர்க் திரும்பி, மீண்டும் அதே நிலையத்திற் புகுந்தார். இல்வாழ்க்கைக்காக ஒரு பெண் விட்டுச்சென்ற தொழில் அவளுக்காகக் காத்திருப்பது அரிது. இங்கே காத்திருந்தது.

இதற்கிடையில் வேறு நடனமாதரும் அதே வாயிலால் நுழைந்திருந்தனர். கரோலா டிரையர் என்பவர் ஜேர்மனியிற் பிறந்து, பிரான்சின் கியூர்ஸ் தடுப்பு முகாமில் அடைபட்டு, தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். உடலை வில்லாக வளைத்து ஆடும் வித்தைக்காரி. அவர் 1950களில், ஆசானின் இசைவோடு, தமக்கெனத் தனி நிலையம் திறந்தார். கதி கிராண்ட் என்னும் கறுப்பின நடனமாது முழங்கால் கெட்டு வந்தவர். 1972இல் நியூயோர்க்கின் பெரிய ஆடையகம் ஒன்றினுள்ளே அமைந்த பயிற்சிக்கூடத்தைப் பொறுப்பேற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, பின்னர் நியூயோர்க் பல்கலைக்கழகத்து நடன மாணவருக்குக் கற்பித்தார். மார்தா கிரகாமின் குழுவில் ஆடிய ரோன் பிளெச்சரும் முழங்கால் நோவாலேயே இவ்வழிக்கு வந்தவர். அவர் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்சில் கடை விரித்தார். திரைப்பட நட்சத்திரங்கள் அவரிடம் வந்தமையால் முறையின் புகழும் பரவிற்று. கட்டணமும் ஏறியிருக்குமென்பது என் ஊகம்.

1967இல் ஜோசப் பிலாட்டீஸ் இறந்தார். வாரிசு எவரென்று அவர் எழுதி வைக்கவில்லை. கிளாரா சில ஆண்டுகள் நிலையத்தைத் தாங்கினார். அவருக்கு வயது முதிரவே, அங்கே பயிற்சி பெற்று வந்த சிலர் சேர்ந்து ஒரு கம்பனி அமைக்க, 1970ஆம் ஆண்டளவில் ரோமானா அதன் நடத்துநர் ஆனார். சிறிது காலத்தில் நிலையம் 56ஆம் வீதிக்கு மாறியது.

இனித்தான் நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி. நன்றாக ஆடுவது ஒன்று. நன்றாகக் கற்பிப்பது வேறொன்று. கற்பிப்பதைத் தொழிலாக நடத்துவது மூன்றாவது. வகுப்பறையிற் காலங் கழிப்பவன் என்ற முறையில் முதலிரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நான் அறிவேன். மூன்றாவதன் கடுமை வேறு. இது மணித்தியாலத்தை விற்கும் தொழில். ஓர் ஆசிரியை, ஒரு மாணவர், ஒரு கருவி, ஒரு மணித்தியாலம். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் விற்றால் அதற்கு மேல் விற்பதற்குச் சரக்கு இல்லை. ஆனால் வாடகையோ ஆசிரியை உறங்கும்போதும் ஏறும். அதுவும் நியூயோர்க் நகரின் மையத்திலே. நர்த்தகிக்கு இந்தக் கணக்கை எந்த நடனக் கல்லூரி கற்றுக்கொடுத்தது?

1980களின் நடுவில் கையுறை முதலியன செய்யும் ஒரு பெரு நிறுவனம் நிலையத்தை வாங்கியது. பணம் படைத்தவர் கையில் தொழில் செழிக்குமென எதிர்பார்த்திருப்பர். நடந்தது வேறு, 1989இல் அந்நிறுவனம் நிலையத்தை மூடிவிட்டது. அறுபத்தைந்து வயது கடந்த ரோமானாவுக்குக் கற்பிக்க இடமில்லை. அவர் வேறொருவரின் உடற்பயிற்சிக்கூடத்திற் புகுந்து பாடத்தைத் தொடர்ந்தார். கதவிலிருந்த பெயர்ப்பலகை போயிற்று. மாணவர் பின்னாலேயே வந்தனர்.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. ‘பிலாட்டீஸ்’ என்பது பதிவு செய்யப்பட்ட வியாபாரக்குறியாகி, கைமாறி, 1990களில் நியூயோர்க்கில் உடலியக்கச் சிகிச்சையாளர் ஒருவரிடம் சேர்ந்தது. அவருடன் இணைந்தே ரோமானா ஆசிரியப் பயிற்சியை நடத்தி வந்தார். அனுமதியின்றி அச்சொல்லை வழங்கியோருக்கு வழக்கறிஞர் கடிதங்கள் பறந்தன. பல ஆண்டுகள் அம்முறையைக் கற்பித்தவர்களும் தாம் கற்பிப்பது இன்னதென்று வாய்திறந்து சொல்ல அஞ்சும் நிலை வந்தது. ஈற்றில் வழக்கு முற்றி, 2000ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம், யோகாசனம், கராத்தே என்பன போல் ‘பிலாட்டீஸ்’ என்பதும் ஒரு முறையின் பொதுப்பெயரே, எவருக்கும் தனியுடைமை அன்று எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமென்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அன்று முதல் வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனவரும் திங்கட்கிழமை பலகை தொங்கவிடலாமென்றாயிற்று. இத்தொழிலுக்கென அரசாங்க அனுமதிப்பத்திரம் அமெரிக்காவில் இல்லை.

ரோமானாவின் வழியில் ஆசிரியராக விரும்புவோர் 600 மணித்தியாலம் பயில வேண்டும். அதிற் பெரும்பகுதி புத்தகம் அன்று. நிலையத்தில் நின்று பார்ப்பதும், தாமே செய்வதும், மூத்த ஆசிரியரின் கண்காணிப்பில் பிறர் உடலைத் தொட்டுத் திருத்துவதுமே. தோளைச் சற்று அழுத்துவதா, விலாவில் விரல் வைத்து மூச்சை அழைப்பதா என்பதைக் கடிதத்தில் எழுதி அனுப்ப முடியாது. மணித்தியாலத்தை விற்கும் தொழிலின் முட்டுக்கட்டையை அவர் கடந்த வழியும் இதுதான்: ஆசிரியரை ஆக்கும் ஆசிரியையாக மாறினார். அவரிடம் கற்றோர் பல நாடுகளில் நிலையம் திறந்தனர். நல்ல நிலையங்களிலே இன்றும் புதிதாக வந்த ஆசிரியரைப் பார்த்து, ‘யாரிடம் கற்றீர்?’ என்று வினவும் வழக்கம் இருக்கின்றது.

அவருடைய மகளும் பேத்தியும் அதே தொழிலை மேற்கொண்டனர். எண்பது வயதுக்குப் பின்னரும் ரோமானா கற்பித்தார். 2013 ஆகஸ்டில், தொண்ணூறாவது வயதில், டெக்சாஸ் மாநிலத்து போர்ட் வேர்த் நகரில் அவர் காலமானார். கணுக்கால் கெட்டு அந்த ஜேர்மானியரின் படியேறிய நாளிலிருந்து எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.