கடற்பசுவின் சுவை

புதியதோர் இறைச்சியைப் பற்றி எவரேனும் பேசத் தொடங்கினால், கேட்பவரிடமிருந்து முதலில் எழும் வினா ஒன்றேயாம். "மாட்டிறைச்சி போல இருக்குமோ, ஆட்டிறைச்சி போல இருக்குமோ?" என்பதே அவ்வினா. அறியாத பொருளை அறிந்த பொருளோடு ஒப்பிட்டு அளப்பது மாந்தர் இயல்பு. மரக்கறி உண்போரும் இதற்கு விலக்கல்லர். புதிய கிழங்கொன்றைக் கண்டால் அது மரவள்ளி போன்றதோ, இராசவள்ளி போன்றதோ என்றுதான் நாமும் கேட்கின்றோம்.

என்னிடம் படித்த புங்குடுதீவு இளைஞர் ஒருவர் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது இந்த ஒப்பீட்டை எனக்கு நினைவூட்டினார். "சேர், அங்கை பைசன் இறைச்சியும் கடையளிலை இருக்கு. மாட்டிறைச்சி மாதிரித்தான், ஆனால் கொழுப்புக் குறைவு" என்றார். நான் மச்சம் உண்ணாதவன். ஆதலின் என் நாவின் சாட்சியம் எதுவும் இப்பத்தியில் இல்லை. ஆயினும் அவருடைய சொல் என் எண்ணத்தை நம் தீவகக் கடலுக்கே இட்டுச் சென்றது. ஏனெனில், பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இதே ஒப்பீடு வேறொரு விலங்கைப் பற்றி நெடுங்காலம் நிகழ்ந்து வந்திருக்கிறது.

முதலிற் பைசனைப் பற்றிச் சிறிது கூறுவேன். வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குரிய இவ்விலங்கு நம் மாட்டினத்துக்கு நெருங்கிய உறவுடையது. திமில் போல உயர்ந்த தோளும், தலையிலும் கழுத்திலும் அடர்ந்த சடையும் உடையது. முற்றிய ஆண் 900 கிலோகிராம் வரை வளரும். அதன் தசையிடையே படியும் கொழுப்பு மாட்டிறைச்சியிற் காண்பதிலும் குறைவு, நிறமோ கடுஞ்சிவப்பு. சுவையிற் சிறிது இனிப்பு உண்டு என்பர். கொழுப்புக் குறைந்த காரணத்தால் அது விரைவில் வெந்துவிடும். மாட்டிறைச்சிக்கு வைக்கும் நெருப்பையே இதற்கும் வைத்தால் காய்ந்து கடினமாகிவிடுமாம்.

அவ்விலங்கின் வரலாறு அதன் சுவையிலும் அறியத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை கோடிக்கணக்கில் மேய்ந்து திரிந்தன. புகையிரதப் பாதைகள் புல்வெளிகளை ஊடறுத்த பின்னர்த் தோலுக்காகவும் நாக்குக்காகவும் வெறும் விளையாட்டுக்காகவும் சுட்டுத் தள்ளினர். தோல் ஆலை இயந்திரங்களின் பட்டிகளாயிற்று. சதையின் பெரும்பகுதி வெட்டவெளியிற் கிடந்து அழுகிற்று. 1880களின் இறுதியில் எஞ்சியவை ஏறத்தாழ ஆயிரமே. பின்னர், ஒரு சிலர் அடைத்து வளர்த்த சிறு மந்தைகளிலிருந்து அவ்வினம் மீண்டும் தழைத்தது. இன்று இலட்சக்கணக்கிற் பைசன்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பகுதி இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படுபவை. 2016ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா பைசனைத் தன் தேசியப் பாலூட்டியாகச் சட்டமியற்றி ஏற்றது.

இனி நம் கடலுக்கு வருவோம். கற்பிட்டி முதல் மன்னார் வழியாக யாழ்ப்பாணத் தீவுகள் வரையும், எதிர்க்கரையில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரைகளிலும் ஆழங்குறைந்த கடலின் அடியிற் கடற்புல் முளைக்கின்றது. அப்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டியே ஆவுளியா. சிலர் அதனைக் கடற்பசு என்பர். சிலர் கடற்பன்றி என்பர். உண்மையிற் பசுவும் அதற்கு உறவன்று, பன்றியும் உறவன்று. உயிர்நூலார் அதற்குக் காட்டும் நெருங்கிய உறவினம் யானையாகும். மூன்று மீற்றர் நீளமும் 400 கிலோகிராம் நிறையும் கொண்டதாக வளரும். மீனைப் போல் நீருக்குள் மூச்சுவிட மாட்டாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை உள்வாங்க வேண்டும். கன்றுக்குப் பாலூட்டும் இதன் முலைகள் மார்பில் அமைந்திருப்பதனாற்போலும், மேனாட்டு மாலுமிகள் இதனைக் கடற்கன்னி என மயங்கினர். 1560ஆம் ஆண்டில் மன்னாரிற் பிடிபட்ட ஏழு "கடற்கன்னியர்" கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அறுத்து ஆராயப்பட்ட கதையை, எமர்சன் ரெனன்ற் இலங்கை உயிரினங்களைப் பற்றி 1861 இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைக்கின்றார்.

அதன் சுவை எத்தகையது? நெடுந்தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவர், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாம் சிறுவராக இருந்தபோது உண்டதை எனக்கு விளக்கினார். "செந்தசை மாடுதான் தம்பி. மேலை இருக்கிற கொழுப்புப் பன்றி. கண்ணை மூடிக்கொண்டு திண்டால் கடலிலை இருந்து வந்ததெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்" என்பது அவர் வாக்கு. வேறு கடல்களில் இதனை உண்டோரும் ஏறத்தாழ இவ்வாறே சொல்லியிருக்கின்றனர். மீன் நாற்றம் சிறிதும் இல்லாத இறைச்சி மீன் வலையில் வந்து விழுந்தால், அதற்கு எத்துணை மதிப்பிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? போதாக்குறைக்கு, உடலுக்கு வலுவூட்டும் மருந்தென்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

இங்கேதான் வாசகர்கள் இன்னொரு கடற்பசுவின் கதையை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1741 இல் பெரிங் என்னும் மாலுமியின் கப்பல் வட பசிபிக் சமுத்திரத்தில் ஆளில்லாத தீவொன்றிற் சிதைந்தது. அதில் இருந்த ஸ்ரெல்லர் என்னும் இயற்கை நூலறிஞர், அத்தீவின் கரையோரத்தில் எட்டு மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடைய பெருங் கடற்பசுக்களைக் கண்டார். பசியால் வாடிய மாலுமிகளுக்கு அவை உயிர் கொடுத்தன. அவ்விறைச்சி வேக நெடுநேரம் செல்லுமென்றும், வெந்தபின் மாட்டிறைச்சியினின்று வேறு பிரித்தறிதல் அரிதென்றும், கன்றின் இறைச்சி இளங்கன்று மாட்டின் இறைச்சியை ஒக்குமென்றும் ஸ்ரெல்லர் எழுதி வைத்தார். அதன்பின் மென்மயிர்த் தோல் தேடி அவ்வழி சென்ற வேட்டைக்காரர் யாவர்க்கும் அதுவே உணவாயிற்று. கடைசிக் கடற்பசு 1768 இல் கொல்லப்பட்டது என்பர். கண்டறிந்த 27 ஆண்டுகளுக்குள் ஓரினம் உலகத்தை விட்டே போய்விட்டது.

பைசனும் மாட்டை ஒத்தது; கடற்பசுவும் மாட்டை ஒத்தது. ஒன்று மீண்டது, மற்றொன்று மாண்டது. காரணம் யாது? பைசன் ஒன்பது மாதம் சுமந்து கன்று ஈனும். நல்ல மேய்ச்சல் வாய்த்தால் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஈனும். வேலியடைத்துப் புல் காட்டினால் மந்தை பெருகும். உண்போர் பெருகுந்தோறும் வளர்ப்போரும் பெருகுவர். நம் ஆவுளியாவோ ஓராண்டுக்கு மேல் கருச் சுமக்கும். ஒரு கன்றுதான் ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். எழுபது ஆண்டு வரை வாழக்கூடிய விலங்காயினும், முதற்கன்றை ஈனப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம். எல்லாம் நன்கு அமைந்தாலும், நூறு உயிர்கள் கொண்ட கூட்டம் ஓராண்டில் ஐந்துக்கு மேற்படப் பெருகாது. அதனை அடைத்து வளர்த்து மந்தையாக்கினார் எவருமிலர். ஆகவே பைசனை உண்பவன் பண்ணையின் வரவிலிருந்து உண்கிறான். ஆவுளியாவை உண்பவனோ முதலையே எடுத்து உண்கிறான்.

சட்டம் இதனை அறியாதிருக்கவில்லை. இலங்கையில் 1970 முதல் ஆவுளியா சட்டத்தாற் காக்கப்பட்ட விலங்கு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையிற் சேர்த்தது. 2022 செப்டெம்பரில் தமிழ்நாட்டு அரசு பாக்கு நீரிணையின் தன் பக்கத்தில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனால் கடலில் வேலியில்லை. காலையில் அக்கரையில் மேய்ந்த விலங்கு பின்னொரு நாள் நம் கரையில் மேயலாம்.

மேலும், ஆவுளியாவைக் கொல்வது ஈட்டி மட்டுமன்று. திருக்கைக்காக அடியில் விரிக்கும் வலையிற் சிக்கினால், மேலே வந்து மூச்சுவிட இயலாமல் அது மூழ்கி மடிகிறது. டைனமைற் வெடி அதனையும் கொல்லும். மேய்ச்சற் புல்லையும் கெடுக்கும். அடியோடு வாரும் இழுவைமடி அப்புல்லை வேரோடு பறிக்கும். கரையில் ஒதுங்கும்போது சாதாழைக் குவியலோடு கலந்து நாம் மிதித்துச் செல்லும் அப்புல்லே, இறாலுக்கும் நண்டுக்கும் பல மீன் குஞ்சுகளுக்கும் தொட்டிலாகவும் இருக்கிறது. எனவே புல் அழிந்தால் ஆவுளியா மட்டும் அழியாது. நயினாதீவிலும் அனலைதீவிலும் வள்ளம் தள்ளுபவனின் அடுப்பும் அணையும்.

வலையில் உயிரோடு சிக்கிய ஆவுளியாவை விடுவிப்பதற்குப் பெரும்பாலும் வலையை அறுக்க வேண்டும். நாட்கூலி போல் அன்றன்று உழைத்து வாழும் ஒருவனுக்கு வலை என்பது அவனுடைய வயலும் ஏரும் ஆகும். "அறுத்து விடு" என்று கரையிலிருந்து சொல்வது எளிது. தமிழ்நாட்டில் அவ்வாறு விடுவித்த மீனவரை வனத்துறையினர் வெகுமதி கொடுத்துக் கௌரவித்திருக்கின்றனர். நம் பக்கத்திலும் அறுந்த வலைக்குரிய விலையை உடனே கொடுக்க ஒரு வழி உறுதியாக அமைதல் வேண்டும். சட்டத்தின் தண்டனை அச்சத்தைத் தரும். வலையின் விலையோ அறுக்குங் கைக்குத் துணிவைத் தரும். இரண்டும் சேர்ந்தாலன்றிக் காரியம் ஆகாது.

இல்லத்தரசிகளுக்கும் இதிற் பங்குண்டு. "அருமையான சாமான், ஒருவருக்கும் சொல்லாதேயுங்கோ" என்று மறைவிலே கொணரும் இறைச்சியை வாங்குவார் இல்லையாயின் விற்பாரும் இல்லை. புதிய இறைச்சியொன்று வாசலுக்கு வரும்போது, அது மாடு போலவோ ஆடு போலவோ என்று கேட்பதற்கு முன்னர், அது எத்தனை ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும் என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு வரும் விடையைப் பொறுத்தே சட்டியை அடுப்பில் ஏற்றுவதா, இறக்குவதா என்பதை முடிவு செய்யலாம்.